கலையா, வடிவமைப்பா? முதுநிலைப் படிப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

பட்டப்படிப்பின் முடிவுகள் வெளிவரும் மாதங்களில், கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் கல்விக் கடன் பற்றி அறிந்துகொள்ள வங்கிக்கு வருகின்றன. பொறியியல், செவிலியம், மேலாண்மை ஆகியவற்றைப் பற்றிக் கேட்போர் தெளிவாகக் கேட்கின்றனர். மகளோ மகனோ ஓவியத்திலோ துணி வடிவமைப்பிலோ மேற்படிப்புப் படிக்க விரும்பும் குடும்பத்தினர் மட்டும் சற்றுத் தயங்கியே பேச்சைத் தொடங்குகின்றனர். ‘இதற்கெல்லாம் கடன் தருவீர்களா?’ என்பது அவர்களுடைய முதல் கேள்வி. ‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்பது அடுத்த கேள்வி.

முதல் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. ஏற்பு பெற்ற பல்கலைக்கழகமோ அரசு நிறுவனமோ வழங்கும் முதுநிலைப் பட்டம் எதுவாயினும் அதற்குக் கல்விக் கடன் கேட்கலாம். இரண்டாம் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல இயலாது. அதை வேறு விதமாகக் கேட்டால் விடை தெளிவாகும். படித்து முடித்தபின் வரக்கூடிய வருமானம் மாதந்தோறும் வருவதா, விட்டுவிட்டு வருவதா? கடன் தவணை மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். வருமானம் அதனோடு ஒத்து நடக்குமா என்பதைப் பார்த்த பின்னரே எங்கே படிப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு பட்டங்கள், இரண்டு பாதைகள்

கலை, வடிவமைப்பு என்னும் இரு சொற்களையும் நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். முதுநிலையில் இவை தனித்தனிப் பாதைகளாகப் பிரிகின்றன.

எம்.எஃப்.ஏ. எனப்படும் முதுநிலை நுண்கலைப் பட்டம் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்ற துறைகளுக்குரியது. பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. பி.எஃப்.ஏ. அல்லது அதற்கு நிகரான நுண்கலைப் பட்டம் பெற்றவர்களையே பொதுவாக இதற்குச் சேர்த்துக்கொள்கின்றனர். மாணவர் தம் சொந்தப் படைப்பு மொழியை வளர்த்துக்கொள்வதே இப்படிப்பின் மையம். படித்து முடித்தவர் படைப்புகளை விற்கலாம், சுவரோவியம், சிற்பம் போன்ற பணிகளை ஒப்பந்தமாக ஏற்கலாம், கல்லூரி ஆசிரியராகலாம்.

எம்.டெஸ். எனப்படும் முதுநிலை வடிவமைப்புப் பட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. பயன்படுத்துவோர் ஒருவரின் தேவையை அறிந்து அதற்கேற்ப ஒரு பொருளையோ, துணியையோ, எழுத்துருவையோ, கைப்பேசித் திரையையோ உருவாக்கும் பயிற்சி இது. பொறியியல், கட்டடக்கலை, வணிகவியல், அறிவியல் என எத்துறைப் பட்டதாரிக்கும் இதில் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. படித்தவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்குச் சேர்கின்றனர்.

ஆகவே முதற்கண் பார்க்க வேண்டியது, மாணவர் எத்தகைய வேலையில் நாள் முழுவதும் சலிப்பின்றி இருப்பார் என்பதையே. தனியே அமர்ந்து தாம் நினைத்ததை வரைவதில் நிறைவு காண்பவரை, சம்பளம் வரும் என்பதற்காக மட்டும் எம்.டெஸ். படிப்புக்கு அனுப்பினால் செலவும் வீண், காலமும் வீண். பிறர் தேவைக்குத் தீர்வு தேடுவதில் ஆர்வம் கொண்டவரை எம்.எஃப்.ஏ. படிப்புக்கு அனுப்பினாலும் அதே நிலைதான்.

விட்டுவிட்டு வரும் வருமானம்: சோழமண்டலம் தரும் பாடம்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். தந்தித் துறையில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அப்பள்ளிக்கே முதல்வரானார். அவரிடம் பயின்ற இளைஞர்கள் பலர் திறமை மிக்கவர்கள். ஆயினும் ஓவியத்தை மட்டும் விற்று வாழ்வது அக்காலச் சென்னையில் அரிதாக இருந்தது. படித்து முடித்தபின் தூரிகையைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போவதே வழக்கமாயிற்று.

இதற்குப் பணிக்கரும் அவர் மாணவர்களும் கண்ட வழி, வங்கியாளர் எவரும் பாராட்டத்தக்கது. பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து கூட்டாக விற்றனர். அதில் சேர்ந்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மற்றொரு பகுதி ஓவியத்துக்கு என்று வாழ்ந்தனர். கைவினை அடுப்பை எரித்தது. ஓவியம் தன் காலத்துக்காகக் காத்திருந்தது. இன்றும் அக்கிராமம் நிலைத்திருக்கிறது.

இரண்டாவது வழி ஆசிரியப் பணி. திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் சாய்ந்து கிடக்கும் பெரிய சாகரகன்னிகைச் சிற்பத்தை நம் பகுதியினர் பலரும் பார்த்திருப்போம். அதைச் செய்த கானாயி குஞ்ஞிராமன் சென்னையில் பணிக்கரிடம் பயின்றவர். லண்டன் ஸ்லேட் பள்ளியில் மேற்படிப்பு முடித்தவர். திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் சிற்பம் கற்பித்தவர். மாதச் சம்பளம் ஒன்று இருந்தால், பல ஆண்டுகள் பிடிக்கும் பெரும் படைப்புகளைத் துணிந்து தொடங்கலாம்.

ஆகவே எம்.எஃப்.ஏ. படிக்க விரும்புவோர், ‘ஓவியம் விற்காத மாதங்களில் எதைக் கொண்டு வாழ்வேன்?’ என்னும் கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியப் பணி என்பது விடையானால், முதுநிலைப் பட்டத்தோடு பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நெட்’ தகுதித் தேர்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்சிக் கலை அத்தேர்வில் தனிப் பாடமாகவே உள்ளது. முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையும் அதே தேர்வின் வழியே கிடைக்கிறது.

வீட்டுக்கு அருகில் உள்ளவை

கள்ளிக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தில் நாள்தோறும் போய்வரத்தக்க தொலைவு. அந்நகரில் உள்ள அரசு நுண்கலைக் கல்லூரி 1881இல் திருவிதாங்கூர் அரசின் கலைப் பள்ளியாகத் தொடங்கியது; 1975இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று ஓவியத்திலும் சிற்பத்திலும் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. அரசுக் கல்லூரிக் கட்டணமும் வீட்டுச் சாப்பாடும் சேர்ந்தால் எம்.எஃப்.ஏ. படிப்பின் செலவு பெரிதும் குறைந்துவிடுகிறது. சற்று வடக்கே போகலாம் என்றால் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியும், காலடி ஸ்ரீ சங்கராச்சாரியா சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும் உள்ளன.

வடிவமைப்புப் பக்கம் பார்த்தால், கொல்லம் மாவட்டம் சந்தனத்தோப்பில் கேரள அரசின் வடிவமைப்பு நிறுவனம் இயங்குகிறது. கண்ணூரிலும் சென்னையிலும் நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகங்கள் உள்ளன. சென்னை வளாகம் 1995இலும் கண்ணூர் வளாகம் 2008இலும் தொடங்கப்பட்டன.

தமிழ்வழி படித்த மாணவர்களுக்குச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் மீது இயல்பாகவே நாட்டம் இருக்கும். 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியே இன்றைய அக்கல்லூரி. இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது. இங்கே நம் எல்லைப் பகுதியினர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் உறவினர்கள் இருக்கலாம். பேசுவதும் படிப்பதும் தமிழாக இருக்கலாம். ஆயினும் அரசுக் கல்லூரி இடங்கள் மொழியை வைத்து ஒதுக்கப்படுவதில்லை. இருப்பிடச் சான்றை வைத்தே ஒதுக்கப்படுகின்றன. மாநில இட ஒதுக்கீடு, கட்டணச் சலுகை, உதவித்தொகை மூன்றும் அச்சான்றையே சார்ந்தவை. எனவே தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன், பிற மாநிலத்தவருக்கு இடம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பவற்றைச் சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துவிட வேண்டும்.

தொலைவில் உள்ளவை

மத்திய அரசு நிறுவனங்களில் மாநில எல்லை ஒரு தடையாவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே தரவரிசை. இதனால் எல்லைப்புற மாணவர்களுக்கு இவை நல்ல வாய்ப்பு.

நுண்கலையில் சாந்திநிகேதனின் கலாபவனம் 1919இல் தோன்றியது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியும் முதுநிலைக் கலைப் படிப்புக்குப் பெயர் பெற்றது. மத்திய நிறுவனமாக இல்லாவிடினும், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950இல் தொடங்கிய நுண்கலைப் புலத்தையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வடிவமைப்பில் இருபெரும் நிறுவனங்கள் உள்ளன. அகமதாபாத்தில் 1961இல் அமைந்த தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் 1969இல் தொடங்கிய ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளி மற்றொன்று. முன்னதற்கு அந்நிறுவனமே இரு கட்டங்களாக நடத்தும் வடிவமைப்புத் திறனறித் தேர்வை எழுத வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. பின்னதற்கு ‘சீட்’ எனப்படும் வடிவமைப்புப் பொது நுழைவுத் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் இத்தேர்வுக்கு வயது வரம்பில்லை. எத்தனை முறையும் எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் பட்டமோ பட்டயமோ முடித்தவர் எவரும், இறுதியாண்டில் படிப்பவரும்கூட எழுதலாம். கணினியில் விடையளிக்கும் ஒரு பகுதியும், தாளில் வரைந்து விடையளிக்கும் ஒரு பகுதியும் உண்டு. மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். டெல்லி, குவாஹாட்டி, ஐதராபாத், கான்பூர் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இம்மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஆனால் தேர்வில் வெற்றி பெறுவது சேர்க்கையாகிவிடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே விண்ணப்பித்து நேர்காணலுக்குச் செல்ல வேண்டும்.

பட்டத்தில் கலை படிக்காதவர்கள் தளர்ந்துவிட வேண்டியதில்லை. கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924இல் பிறந்த கே.ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற பின், 1944இல் கலாபவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் பரோடாவில் தலைமுறை தலைமுறையாக ஓவியர்களை உருவாக்கினார். 2012இல் பத்மவிபூஷண் பெற்றார்.

கையில் இருக்க வேண்டிய முதல் ஈடு

வங்கி கேட்கும் ஈடு பற்றிப் பின்னர் பார்ப்போம். கலை நிறுவனங்கள் கேட்கும் ஈடு ஒன்று உண்டு. அதுவே போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பு. மாணவர் இதுவரை செய்த வேலைகளை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றும் எப்படி உருவாயிற்று என்பதைக் காட்டும் கோப்பு அது. நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட இதுவே அதிக நேரம் புரட்டப்படுகிறது.

இணையத்தில் பார்த்த படங்களைப் போலவே வரைந்து நிரப்பிய கோப்புகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். நம் பகுதி மாணவருக்கோ எளிதில் கிட்டும் பொருள் வீட்டுக்கு அருகிலேயே உண்டு. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள பாலராமபுரத்தில், பாலராமவர்ம மன்னர் ஆட்சிக் காலத்தில், தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் வழிவந்த கைத்தறி நெசவு இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஒரு தறிக்கூடத்தில் ஒரு மாதம் அமர்ந்து, பாவு சுற்றுவது முதல் கசவுக் கரை விழுவது வரை வரைந்து குறிப்பெடுத்து, நெசவாளரின் சிரமம் ஒன்றுக்குத் தீர்வு யோசித்த மாணவரின் தொகுப்பு நேர்காணலில் தனித்துத் தெரியும். துணி வடிவமைப்புக்கு இது. ஓவியத்துக்கு என்றால் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அவ்வரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்மாடச் சுவரோவியங்களின் கோட்டையும் வண்ணத்தையும் நேரில் ஆராயலாம்.

இத்தகைய தொகுப்பு உருவாக ஓராண்டு பிடிக்கும். கடன் விண்ணப்பத்துக்குச் சில வாரங்கள் போதும். ஆகவே தொகுப்பை முதலில் தொடங்க வேண்டும்.

கடனின் விதிகள்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை ஒட்டியே பெரும்பாலான வங்கிகளின் திட்டங்கள் அமைந்துள்ளன. அதன் முக்கியக் கூறுகள் இவை.

ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குக் குடும்பம் தன் பங்காக எத்தொகையும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்குச் செலவில் 5 சதவீதமும், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதமும் குடும்பத்தின் பங்கு. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும்.

மத்திய அரசின் கல்விக் கடன் உத்தரவாத நிதியின் கீழ் வரும் கடன்களில் ரூ.7.5 லட்சம் வரை சொத்து ஈடும் வேற்றாள் பிணையும் தேவையில்லை. அதற்கு மேல் போனால் நிலமோ வீடோ வைப்புத்தொகையோ ஈடாகக் கேட்கப்படும். இந்த எல்லைக்கோடு நம் பகுதிக் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. கையில் இருப்பது அரை ஏக்கர் ரப்பர் தோட்டமும் வீடும் என்றால், ரூ.8 லட்சம் கேட்பதற்கும் ரூ.7.5 லட்சம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அரை லட்சம் மட்டுமன்று; நிலப் பத்திரம் பெட்டியில் இருக்குமா, வங்கியில் இருக்குமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த ரூ.50,000ஐச் சேமிப்பிலிருந்தோ உதவித்தொகையிலிருந்தோ ஈடுகட்ட முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். அக்காலத்தில் தனி வட்டி கணக்கிடப்படும். அதன் பின் அதிகபட்சம் 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தலாம். கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம் ஆகியவற்றோடு கணினி, படிப்புக்கு இன்றியமையாத கருவிகள், ஆய்வுப் பயணம், இறுதித் திட்டப்பணி ஆகிய செலவுகளும் கடனில் சேரும். கலைப் படிப்பில் கட்டணத்தைவிட வண்ணம், கித்தான், களிமண், உலோகம், அச்சு ஆகியவற்றின் செலவு மிகுந்துவிடுவது உண்டு. எனவே கல்லூரியிடம் செலவு மதிப்பீட்டுக் கடிதம் கேட்கும்போது பொருட்செலவையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கல்விக் கடனுக்குக் கிளையின் சேவைப் பகுதி வரையறை பொருந்தாது. வீடு வேறு கிளையின் எல்லைக்குள் இருக்கிறது என்னும் காரணத்தால் மட்டும் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்திலும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

எண்களில் ஓர் எடுத்துக்காட்டு

கள்ளிக்காட்டைச் சேர்ந்த இரு மாணவியரைக் கற்பனை செய்துகொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட விகிதமே. நடப்பு விகிதத்தைக் கிளையில் கேட்டறியலாம்.

முதல் மாணவி திருவனந்தபுரத்தில் எம்.எஃப்.ஏ. படிக்கிறார், வீட்டிலிருந்தே போய்வருகிறார். கட்டணம், பொருட்செலவு எல்லாம் சேர்த்து இரண்டாண்டுக்கு ரூ.1,20,000 கடன் வாங்குகிறார். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ரூ.60,000 வழங்கப்படுகிறது. படிப்பு இரண்டாண்டு, விடுப்பு ஓராண்டு. முதல் தவணைத் தொகைக்கு மூன்றாண்டு வட்டி ரூ.18,000, அடுத்ததற்கு இரண்டாண்டு வட்டி ரூ.12,000. திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போது கடன் ரூ.1,50,000. ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3,187. வாரத்தில் இரு நாள் சிறுவர்க்கு ஓவிய வகுப்பு எடுத்தாலும் ஈட்டக்கூடிய தொகை இது. ஓவியம் விற்காத மாதத்திலும் தவணை தவறாது.

இரண்டாம் மாணவி வெளிமாநிலத்தில் எம்.டெஸ். படிக்க ரூ.6,00,000 கடன் வாங்குகிறார். நான்கு அரையாண்டுகளில் ரூ.1,50,000 வீதம் வழங்கப்படுகிறது. அவற்றின் வட்டி முறையே ரூ.45,000, ரூ.37,500, ரூ.30,000, ரூ.22,500, மொத்தம் ரூ.1,35,000. மூன்றாம் ஆண்டின் முடிவில் கடன் ரூ.7,35,000. பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.9,713. பதினைந்தாண்டில் அடைத்தால் ரூ.7,898. தவணை குறைந்ததாகத் தோன்றினாலும் மொத்தமாகச் செலுத்துவது ஏறத்தாழ ரூ.11.66 லட்சத்திலிருந்து ரூ.14.22 லட்சமாக உயர்கிறது.

தவணை, மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது என்பது நாம் பரிந்துரைக்கும் அளவுகோல். அதன்படி ரூ.9,713 தவணை கட்ட ஏறத்தாழ ரூ.29,000 மாத வருமானம் வேண்டும். சேர விரும்பும் துறையில் முந்தைய ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று நிறுவனத்திடமே கேட்டு, அத்தொகையோடு இதை ஒப்பிட வேண்டும். அதே ரூ.6,00,000 கடனை, நிலையான வேலை வாய்ப்பில்லாத தனியார் நிறுவனம் ஒன்றில் ஓவியப் படிப்புக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகும்? தவணை அதேதான், வருமானம் மட்டும் விட்டுவிட்டு வரும். மூன்று மாதத் தவணை தவறினாலே கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். பெற்றோர் உடன்கடனாளி என்பதால் அவர்களுடைய கடன் தகுதி மதிப்பெண்ணும் சரியும். கலை படித்ததால் வந்த துன்பம் என்று ஊர் சொல்லும். வருமானத்தின் இயல்புக்கு ஒவ்வாத தொகையைக் கடன் வாங்கியதே அதன் காரணம்.

சுமையைக் குறைக்கும் வழிகள்

படிக்கும் காலத்திலேயே பெற்றோர் வட்டியைச் செலுத்தி வரலாம். இரண்டாம் எடுத்துக்காட்டில் முதல் அரையாண்டில் மாத வட்டி ரூ.1,250, கடைசி அரையாண்டுக்குள் அது ரூ.5,000 ஆகும். விடுப்பு ஓராண்டிலும் இவ்வாறே செலுத்திவிட்டால் கடன் ரூ.6,00,000 அளவிலேயே நிற்கும். பத்தாண்டுத் தவணை ரூ.7,929 ஆகும். மாதம் ரூ.1,784 மிச்சம். மாணவியருக்கு வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகளும் பல உள்ளன.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், அதன் பட்டியலில் உள்ள தரமான உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோருக்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், தகுதி பெறுவோருக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் விடுப்புக் கால வட்டியில் 3 சதவீத மானியம் உண்டு. வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து தொழில்முறைப் படிப்பில் சேர்ந்தால், விடுப்புக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டமும் உள்ளது. அச்சலுகை இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே. இளநிலையில் பயன்படுத்தியவர் மீண்டும் கேட்க இயலாது. சேரும் நிறுவனமும் படிப்பும் இத்திட்டங்களுக்குள் வருகின்றனவா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திருப்பிச் செலுத்தும் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின்படி, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போர் எட்டாண்டு வரை கழிவு பெறலாம். கேரளத்தின் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் இ-கிராண்ட்ஸ் உதவியைக் கேட்டறியலாம். 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இரண்டாண்டு உதவித்தொகை வழங்குகிறது. திருச்சூரில் உள்ள கேரள லலிதகலா அகாதமியும் கலை மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவிக்கிறது. உதவித்தொகையாகக் கிடைக்கும் ஒவ்வோர் ஆயிரமும் கடனில் ஓர் ஆயிரத்தைக் குறைக்கும்.

ஓராண்டு காத்திருப்பது இழப்பன்று

விரும்பிய அரசு நிறுவனத்தில் இவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. அதிகக் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம் உடனே இடம் தருவதாக அழைக்கிறது. இத்தகைய நிலை பல குடும்பங்களுக்கு வருகிறது. ஓராண்டு வீணாகிவிடுமே என்னும் அச்சத்தில் பெரிய கடனுக்குக் கையெழுத்திடுவோர் உண்டு. அந்த ஓராண்டில் ஓர் அச்சகத்திலோ, தறிக்கூடத்திலோ, விளம்பர நிறுவனத்திலோ வேலை செய்து, படைப்புத் தொகுப்பை வளர்த்து, நுழைவுத் தேர்வை மறுமுறை எழுதினால் வருமானமும் வரும்; அனுபவமும் சேரும். வயது வரம்பற்ற தேர்வு ஒன்று இருப்பது இதற்காகவே பயன்படட்டும்.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்கள் ஒரு தாளை எடுத்து ஐந்து விவரங்களை எழுதிப் பாருங்கள். மாணவர் விரும்பும் வேலை எது. அதன் வருமானம் மாதந்தோறும் வருவதா, விட்டுவிட்டு வருவதா. படிப்பின் முழுச் செலவு, பொருட்செலவும் சேர்த்து எவ்வளவு. குடும்பத்தின் சேமிப்பும் உதவித்தொகையும் போக எஞ்சுவது எவ்வளவு. அந்த எஞ்சிய தொகைக்கான மாதத் தவணை, எதிர்பார்க்கும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமா. ஐந்தாவது வரிக்கு ‘அடங்கும்’ என்று எழுத முடிந்தால் துணிந்து விண்ணப்பிக்கலாம். முடியாவிட்டால் மாணவரின் ஆசையை மாற்ற வேண்டியதில்லை. நிறுவனத்தையோ ஆண்டையோ தொகையையோ மாற்றிப் பார்க்கலாம். ‘சீட்’ தேர்வுக்கான விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். தேர்வு ஜனவரியில் நடைபெறும். எனவே அந்தத் தாளை ஓணத்துக்கு முன்பே எழுதி, அருகிலுள்ள கிளைக்கு மாணவரையும் உடன் அழைத்து வாருங்கள். கடனைத் திருப்பிச் செலுத்தப் போகிறவர் அவர்; அந்தக் கணக்கை அவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.